முதலில் ரப்பரைப் பாருங்கள்: ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருக்கும் நண்பர்களுக்கு,

வணக்கம். உங்கள் கார்களை லிஃப்டில் ஏற்றி அடியிலிருந்து பார்ப்பது என் தொழில். இன்னும் கொஞ்சம் பவர் ஏற்றலாமா, ஒரு இன்ச் பெரிய வீல் போடலாமா, காரை இன்னும் தாழ்த்தலாமா என்றுதான் பெரும்பாலும் கேட்டுக்கொண்டு வருகிறீர்கள். டயர் எந்த வருடத்தது என்று நான் திருப்பிக் கேட்டால் பலருக்கும் தெரிவதில்லை. "பட்டன் நிறைய இருக்கே" என்று டயரின் மேலுள்ள ரப்பர் கட்டைகளைக் காட்டுகிறீர்கள். அந்தப் பதில் எனக்குப் பயமாக இருக்கிறது. அதனால்தான் இந்த மடல்.

தினமும் ஓடுகிற காரில் டயர் தேய்ந்து தானாகவே மாறிவிடும். உங்கள் கார் வாரக் கடைசியில் வெளியே வரும், மற்ற நாட்களில் உறை போட்டு நிற்கும். டயர் தேய்வதற்கு முன்பே கிழடாகிவிடும். ஓடினாலும் நின்றாலும் ரப்பருக்கு வயது ஏறிக்கொண்டுதான் இருக்கும். காற்றிலுள்ள ஆக்சிஜனும் வெயிலும் சூடும் அதை இறுகவைக்கின்றன. பக்கச்சுவரில் 'டாட்' (DOT) என்று தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு எண்களைப் பாருங்கள். 3518 என்று இருந்தால் அது 2018-ஆம் ஆண்டின் 35-ஆவது வாரத்தில் செய்த டயர். பல டயர்களில் இந்தத் தேதி ஒரு பக்கம் மட்டுமே இருக்கும். வெளியே காணவில்லை என்றால் டார்ச் அடித்து உட்பக்கம் தேடுங்கள். குனிந்ததோடு உள் ஓரத்தையும் விரலால் தடவிப் பார்த்துவிடுங்கள். நெகட்டிவ் கேம்பர் (வீலின் மேற்பகுதி உள்நோக்கிச் சாய்ந்திருப்பது) அதிகம் வைத்த கார்களில், நின்றபடி பார்த்தால் டயர் புத்தம் புதிதாகத் தெரியும். உள் ஓரத்திலோ ரப்பர் போய்க் கம்பி எட்டிப் பார்க்கும்.

நடிகர் பால் வாக்கர் 2013 நவம்பரில் இறந்த விபத்து உங்களுக்கு நினைவிருக்கும். அவர் பயணித்தது 600 குதிரைத்திறனுக்கு மேல் உள்ள போர்ஷே கரேரா ஜிடி. அளவுக்கு மீறிய வேகமே காரணம் என்றது விசாரணை. டயர்கள் ஒன்பது வருடம் பழையவை என்பதையும் அது குறிப்பிட்டது. பல கார் நிறுவனங்கள் ஆறு வருடத்தில் மாற்றச் சொல்கின்றன. டயர் நிறுவனங்கள் அதிகபட்சமாகப் பத்து வருடம் என்கின்றன. வேகமாக ஓட்டவென்றே வாங்கிய காருக்கு நான் ஆறு என்றுதான் சொல்வேன், பட்டன் எவ்வளவு மிச்சமிருந்தாலும்.

சரி, வீல் விஷயத்துக்கு வருவோம். 245/40 ஆர்18 என்றால் டயரின் அகலம் 245 மில்லிமீட்டர், பக்கச்சுவரின் உயரம் அதில் 40 சதவீதம், அதாவது 98 மில்லிமீட்டர், வீல் 18 இன்ச். மொத்த விட்டம் மாறாமல் 20 இன்ச் வீலுக்குப் போனால் 245/30 அளவு வரும். அப்போது மிஞ்சுவது 73.5 மில்லிமீட்டர்தான். குழியில் விழும்போது அடியை முதலில் வாங்கிக்கொள்ள வேண்டிய ரப்பரில் கால் பங்கு போய்விடுகிறது. ரிம் வளைவதும் பக்கச்சுவர் வீங்குவதும் அதனால்தான். எடை தாங்கும் திறனையும் பாருங்கள். 18 இன்ச் அளவில் 97 என்ற லோடு இண்டெக்ஸ் உள்ள டயர் 730 கிலோ தாங்கும். அந்த 20 இன்ச் டயரில் வழக்கமாக 90 என்றுதான் இருக்கும், அதாவது 600 கிலோ. கடையில் யாரும் இதை எடுத்துச் சொல்வதில்லை. போதாக்குறைக்குப் பெரிய வீல் பொதுவாகக் கனமும் கூட. அந்தக் கனத்தை ஸ்பிரிங் சுமப்பதில்லை, மேடு பள்ளம் தோறும் ஷாக் அப்சர்பர்தான் அதை அடக்கியாக வேண்டும். 1989-இல் வந்த முதல் மாஸ்டா எம்எக்ஸ்-5 ஓடியது 14 இன்ச் வீலில், 185 அகல டயரில். 2012-இல் டொயோட்டா ஜிடி86-க்கு வேண்டுமென்றே 215 அகலத்தில் சாதாரண ரோட்டு டயரைப் போட்டார்கள். இந்த இரண்டு கார்களையும் ஓட்டியவர்கள் இன்றும் சிலாகிக்கிறார்கள்.

சஸ்பென்ஷனிலும் இதே ரப்பர் கதைதான். வீலைக் கீழிருந்து பிடிக்கும் லோயர் ஆர்ம் என்ற கை காரின் சட்டத்தோடு சேரும் இடத்தில் உள்ள ரப்பர் உருளை, அதாவது புஷ், வெடித்துவிட்டால், எவ்வளவு விலை உயர்ந்த ஷாக் அப்சர்பர் போட்டாலும் பயனில்லை. பிரேக் அழுத்தும்போது வீல் தன் கோணத்தை விட்டு நகரும், ஸ்டியரிங் ஒரு பக்கம் இழுக்கும். இதில் எல்லோரும் கவனிக்காமல் விடுகிற ஒன்று உண்டு. இந்த வகை புஷ் சுழல்வதில்லை, முறுக்கிக்கொள்ளும். கார் லிஃப்டில் தொங்கும்போது ஆர்ம் கீழே சாய்ந்திருக்கும். அந்த நிலையிலேயே போல்ட்டை முழுசாக இறுக்கிவிட்டால், கார் தரையில் இறங்கியதும் ரப்பர் நிரந்தரமாக முறுக்கியபடி நிற்கும், சீக்கிரமே கிழிந்துவிடும். கார் தன் சொந்த உயரத்தில் நிற்கும்போதுதான் கடைசி இறுக்கு கொடுக்க வேண்டும். வேலை செய்பவரிடம் இதைத் தயங்காமல் கேளுங்கள். நல்ல மெக்கானிக் கோபித்துக்கொள்ள மாட்டார்.

தாழ்த்துவதைப் பற்றிச் சுருக்கமாக: மெக்ஃபர்சன் ஸ்ட்ரட் (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சர்பரும் ஒரே தூணாகச் சேர்ந்த அமைப்பு) வைத்த காரை அதிகம் இறக்கினால் லோயர் ஆர்ம் மேல்நோக்கிச் சாய்ந்து, ரோல் சென்டர் (வளைவில் கார் எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அது) காரின் உயரத்தைவிட அதிகமாக இறங்கிவிடும். கார் பார்க்கத் தட்டையாக இருக்கும், வளைவில் முன்னைவிட அதிகமாகச் சாயப் பார்க்கும். சஸ்பென்ஷன் சீக்கிரமே பம்ப் ஸ்டாப் என்ற தடுப்பு ரப்பரில் போய் இடிக்கும். லோட்டஸ் நிறுவனத்தின் காலின் சாப்மன் 1962-இல் எலானைக் கொண்டுவந்தபோது ஸ்பிரிங்கை மென்மையாக வைத்து, அதன் ஆட்டத்தை அடக்கும் டேம்பிங்கைச் சரியாக அமைத்தார். கெட்டியாக இருந்தால்தான் ஸ்போர்ட்ஸ் என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள்.

காற்றும் சஸ்பென்ஷனின் ஒரு பாகம்தான். 1960-இல் வந்த செவ்ரலே கார்வேரில் எஞ்சின் பின்னால் இருந்ததால் முன் டயருக்கு 15, பின் டயருக்கு 26 பிஎஸ்ஐ என்று வைத்தார்கள். நான்கிலும் ஒரே அளவு அடித்தால் அந்தக் காரின் குணமே மாறிவிடும். உங்கள் காரிலும் முன்னும் பின்னும் வேறு வேறு அளவு எழுதியிருந்தால் அதன்படியே அடியுங்கள், டயர் சூடாவதற்கு முன்.

ஆக, பணம் கையில் இருக்கும்போது இந்த வரிசையில் செலவிடுங்கள்: டயர், புஷ், அலைன்மென்ட் (வீல்களின் கோணங்களைச் சரிசெய்வது), அப்புறம் ஷாக் அப்சர்பர். வீலும் பவரும் அதற்கும் அப்புறம். அலைன்மென்ட் செய்தால், வேலைக்கு முன்பும் வேலை முடிந்த பின்பும் எடுத்த அளவுகளைத் தாளில் கேட்டு வாங்குங்கள். பின் வீல்களின் டோ (மேலிருந்து பார்த்தால் வீலின் முன்முனை உள்ளே அல்லது வெளியே திரும்பியிருக்கும் அளவு) அதில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அது வெளிப்பக்கம் திரும்பியிருந்தால் வேகத்தில் காரின் பின்பக்கம் அலையும். அதைச் சரிசெய்யாமல் காரை எடுத்துச் செல்லாதீர்கள்.

அன்புடன்,
உங்கள் காரை அடியிலிருந்து பார்க்கும் ஒருவன்