சார்செல்லிலிருந்து அப்பாவுக்கு

அன்புள்ள அப்பாவுக்கு,

பாரிஸை ஒட்டிய சார்செல்லில் நாங்கள் மூவரும் நலம். அம்மா முழங்காலுக்கு வாங்கிக் கொடுத்த பெல்ட்டைப் போடுகிறாளா, இல்லை பீரோவில் பத்திரமாக வைத்திருக்கிறாளா? நீங்கள்தான் அதட்ட வேண்டும்.

போன வாரம் வீடியோவில் ஆஸ்பத்திரி உடையோடு என்னைப் பார்த்துவிட்டு, "நெற்றி ஏன் பாழாகக் கிடக்கிறது?" என்று கேட்டீர்கள். ஷிஃப்ட் மாறுகிற நேரம், பதில் சொல்ல முடியவில்லை. சித்தப்பா வேறு பின்னாலிருந்து, "பிரான்சில் சாமி கும்பிட்டால் போலீஸ் பிடிக்குமாமே" என்றார். எந்த வாட்ஸ்அப் குரூப்பில் வந்ததோ தெரியவில்லை.

முதலில் சித்தப்பாவுக்குப் பதில். பாரிஸில் லா ஷப்பெல் பக்கம் மாணிக்க விநாயகர் கோயில் இருக்கிறது. இலங்கைத் தமிழர்கள் 1985-ல் தொடங்கியது. ஆகஸ்ட் கடைசி வாக்கில் தேர். பிள்ளையார் நடுரோட்டில்தான் போகிறார்; போலீஸ் முன்னால் போய் வண்டிகளை நிறுத்துகிறது. கடை வாசல்தோறும் தேங்காயைக் குவித்து, மஞ்சள் தடவி, கற்பூரம் ஏற்றி வைத்திருப்பார்கள். தேர் நெருங்கியதும் இரண்டு பேர் நின்று அள்ளி அள்ளி உடைப்பார்கள். தண்ணீர் சாக்கடையில் ஓடும், ஓடு தெறித்துக் காலில் அடிக்கும். வேடிக்கை பார்க்க வந்த வெள்ளைக்காரர்கள் ஒரு சில்லைக் கையில் வைத்துக்கொண்டு, தின்னலாமா கூடாதா என்று பக்கத்து ஆளைப் பார்ப்பார்கள். எல்லாம் முடிந்ததும் நகராட்சி வண்டி வந்து கூட்டும். நம் ஊர் மாங்கனித் திருவிழா நெரிசலுக்கு ஈடாகாதுதான். ஆனாலும் இதைப் பார்த்தால் சித்தப்பா வாயே திறக்க மாட்டார்.

அப்புறம் என் நெற்றி. இங்கே 1905-ல் ஒரு சட்டம் போட்டார்கள். அவரவர் விரும்பிய சாமியைக் கும்பிடலாம், அதற்கு அரசு காவல். ஆனால் அரசுக்கென்று மதம் கிடையாது, எந்த மதத்துக்கும் சம்பளமோ மானியமோ கொடுக்காது. இதை லாயிசித்தே என்கிறார்கள். அந்த வழியில், அரசு வேலையில் இருப்பவர்கள் வேலை நேரத்தில் மத அடையாளம் எதுவும் வெளியே தெரிய இருக்கக் கூடாது. நர்ஸுக்கு உதவியாளான எனக்கும் அதே விதிதான். திருநீற்றை ஆஸ்பத்திரி லாக்கருக்கு முன்னால் நின்று துடைத்துக்கொள்கிறேன். லாக்கர் கதவின் உள்பக்கம் நீங்கள் கொடுத்த காரைக்கால் அம்மையார் படம் இருக்கிறது, அதற்கு யாரும் ஒன்றும் சொல்வதில்லை. பொட்டு விஷயத்தில் அவர்களுக்கே தெளிவில்லை. மேற்பார்வை நர்ஸ் ஒருநாள், இது மதமா அழகா என்று கேட்டார். இரண்டும்தான் என்றேன். கொஞ்சம் யோசித்து, "அப்படியானால் சின்னதாக வை" என்றார். நீங்கள் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்திருந்தால் அன்றைக்கும் தெரிந்திருக்கும்.

முழுக்க ஒழுங்கான ஏற்பாடு என்று நினைத்துவிடாதீர்கள். மதமே இல்லை என்கிற அரசுதான் மாதா விண்ணேற்பு நாளுக்கு, அதுதான் ஆகஸ்ட் 15, ஊருக்கெல்லாம் விடுமுறை விடுகிறது. தீபாவளிக்குக் கிடையாது. ஸ்ட்ராஸ்பூர் பக்கம் 1905-ல் ஜெர்மனியிடம் இருந்ததால் அந்தச் சட்டம் அங்கே எட்டவே இல்லை. பாதிரியாருக்கும் யூத ரபிக்கும் இன்றுவரை அரசே சம்பளம் கொடுக்கிறது. நம் ஊர் ஜி.ஓ.க்களைக் கரைத்துக் குடித்த உங்களுக்கு இதெல்லாம் புதிதாக இருக்காது.

வந்த புதிதில் எனக்கும் கோபம்தான். காரைக்காலில் பாங்குச் சத்தத்தில் எழுந்து, மாதா கோயில் மணியில் பள்ளிக்கு ஓடி, ஆடி மாதம் முழுக்க ஸ்பீக்கரில் மாரியம்மன் பாட்டு அலற, அதற்கு நடுவே பாடம் படித்த பெண் நான். (பரீட்சை நேரத்தில் அந்த ஸ்பீக்கரை நான் திட்டியதும் உங்களுக்குத் தெரியும்.) பக்தி என்றால் நாலு பேருக்குத் தெரியத்தானே இருக்கும் என்று நினைத்திருந்தேன். அது மாறியது வார்டில்தான்.

குளிர்காலத்தில் ஒரு பாட்டி இருந்தார். தொண்ணூறு வயதிருக்கும், தீவிர கத்தோலிக்கர். ஒரு இரவு கை நடுங்கி ஜெபமாலை கட்டிலுக்கு அடியில் விழுந்துவிட்டது. குனிந்து எடுத்து விரலில் சுற்றிவிட்டேன். கையை விடாமல், "என்னோடு சேர்ந்து சொல்லம்மா" என்றார். எனக்கு அந்த ஜெபம் தெரியாதா? கன்னியாஸ்திரிகள் பள்ளியில் பன்னிரண்டாவது வரை தினமும் சொன்னதுதானே. ஆனால் உடுப்பில் இருக்கும்போது நான் சொல்லக் கூடாது. "வேலையில் இருக்கிறேன் மதாம், நீங்கள் சொல்லுங்கள், நான் பக்கத்தில் நிற்கிறேன்" என்றேன். அவர் பிரெஞ்சில் முணுமுணுக்க, எனக்குள் "அருள் நிறைந்த மரியே" தமிழில் ஓடிக்கொண்டிருந்தது. காலையில் ஆஸ்பத்திரிப் பாதிரியாருக்குச் சொல்லி அனுப்பினேன். ஆமாம், ஆஸ்பத்திரிக்கென்று பாதிரியார் உண்டு, இமாம், ரபியும் வருவார்கள். படுக்கையில் கிடப்பவர் கோயில் தேடிப் போக முடியாது என்று அந்த 1905 சட்டமே இதற்கு வழி விட்டிருக்கிறது.

அடுத்த அறையில் ஒரு பழைய ரயில்வேக்காரர். பாதிரியார் தன் வாசலைத் தாண்டினாலே கத்துவார். செத்தாலும் எனக்கு ஜெபம் வேண்டாம் என்று எழுதியே கொடுத்திருக்கிறார். அவருக்கும் பெட்பேன் வைப்பது நான்தான். பட்டையாகத் திருநீறு பூசிக்கொண்டு அவர் முன்னால் போய் நின்றால், தண்ணீர் கேட்கும்போதுகூட இவள் எந்தக் கட்சி என்று அவர் யோசிக்க வேண்டியிருக்கும். அவரால் எழுந்து வேறு ஆஸ்பத்திரிக்குப் போக முடியாது. மாட்டிக்கொண்டிருப்பவர் அவர், நடமாடுகிறவள் நான். அதனால் அடங்க வேண்டியதும் நான்தான் என்று இப்போது படுகிறது.

கோபிக்காமல் படியுங்கள் அப்பா. உங்கள் ஆபீஸ் ஆயுத பூஜை ஞாபகம் வருகிறது. டைப்ரைட்டருக்குச் சந்தனம், பீரோவுக்குக் குங்குமம், எல்லோருக்கும் பொரி கடலை. சின்ன வயதில் எனக்கு அதைவிடப் பெரிய திருவிழா கிடையாது. உங்கள் பக்கத்து மேசை நாகூர்க்காரர் மாமா வருஷா வருஷம் பொரிப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு சிரித்துக்கொண்டேதான் நிற்பார். அவரை யாராவது என்றைக்காவது கேட்டார்களா? அன்றைக்கு மனு கொடுக்க வந்தவர்களை? நம் வீட்டுப் பூஜையில் அவர் வந்து உட்கார்ந்து சுண்டல் தின்றதில் ஒரு சங்கடமும் இல்லை. அது நம் வீடு, அவர் விருந்தாளி. ஆபீஸ் அவருக்கும் உரியதுதானே.

ஆனால் இங்கே இருப்பவர்கள் இந்த நியாயத்தை வேறு எங்கோ இழுத்துக்கொண்டு போகிறார்கள். என்னோடு வேலை பார்க்கும் அல்ஜீரியப் பெண் தினமும் லாக்கர் அறையில் தலைத்துணியை எடுத்து, நாலாக மடித்து, பையில் வைப்பாள். நான் ஒரு நொடியில் துடைத்துவிடுவேன். அவளுக்கு அது பத்துப் பேர் முன்னால் முந்தானையை எடுப்பதுபோல. இருந்தாலும் செய்கிறாள், சம்பளம் வாங்குகிறோமே என்கிறாள். அவள் பொறுக்காதது மகள் விஷயம். 2004-ல் போட்ட சட்டப்படி அரசுப் பள்ளிப் பிள்ளைகள் பளிச்சென்று தெரிகிற மத அடையாளம் எதுவும் அணியக் கூடாது. தலைத்துணி, யூதர் தொப்பி, பெரிய சிலுவை, சீக்கியப் பையனின் டர்பன் எல்லாம் அதில் அடக்கம். பள்ளிச் சிறுமி யாருக்கு என்ன அதிகாரம் செலுத்திவிடப் போகிறாள்? வீட்டில் வற்புறுத்துவார்கள், அதிலிருந்து காப்பாற்றுகிறோம் என்பார்கள். அப்படி வற்புறுத்துகிற வீடுகள் இருக்கின்றன, இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் துணியை விரும்பிப் போடுகிறவளிடம் போய், உன் விருப்பம் உன்னுடையது இல்லை என்று பள்ளி சொல்வது எனக்குப் பிடிக்கவில்லை. மற்றபடி எங்களுக்குள் ஒரு ஏற்பாடு: தீபாவளிக்கு என் ஷிஃப்ட்டை அவள் பார்ப்பாள், ரம்ஜானுக்கு அவளுடையதை நான்.

சொந்த வாழ்க்கையில் ஒளிவுமறைவு எதுவும் இல்லை. எங்கள் சார்செல்லில் சனிக்கிழமை யூதக் குடும்பங்கள் தொழுகைக்கு நடந்து போகும். துருக்கி, ஈராக் பக்கத்திலிருந்து வந்த கல்தேயக் கிறிஸ்தவர்களுக்குப் பெரிய கோயில் இருக்கிறது, பெயர் புனித தோமையார். வெள்ளிக்கிழமை நம் வீட்டு சாம்பிராணிப் புகை மாடிப்படி வரை போகிறது. கீழ்வீட்டு அம்மாளுக்கு மட்டும் இருமல், அதனால் ஜன்னலைத் திறந்து வைக்கிறேன்.

ஒரு வேலை இருக்கிறது. பேரன் செப்டம்பரில் பெரிய பள்ளிக்குப் போகிறான். அம்மா உருத்திராட்ச மாலை அனுப்பப் போவதாகச் சொன்னாள், வேண்டாம் என்று சொல்லுங்கள். வாசலிலேயே கழற்றச் சொல்வார்கள். சின்ன டாலர் போட்டால் தடையில்லை. நம் ஆசாரியிடம் சொல்லி வெள்ளியில் ஒரு வேல், சுண்டு விரல் நகம் அளவுக்கு மேல் போகாமல், செய்யச் சொல்லுங்கள். வளையம் கெட்டியாக இருக்கட்டும், இவன் எதையும் கடிக்கிறவன். ஜூலையில் இவருடைய அக்கா ஊருக்கு வருகிறார், அவரிடம் கொடுத்துவிட்டால் போதும். பணம் இந்த மாதமே அனுப்பிவிடுகிறேன்.

அன்புடன்,
உங்கள் மகள்