டிக்கெட்டில் பயண நேரத்தையும் எழுதிக் கொடுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களிலிருந்து வெளிநாடு செல்லும் பலரும் பெங்களூரு விமான நிலையம் உள்ள தேவனஹள்ளியில்தான் விமானம் ஏறுகிறார்கள். டிக்கெட்டில் உள்ள நேரத்தைச் சரியாகப் படிக்காததால் விமானத்தைத் தவறவிடுவது வேதனையானது, எளிதில் தவிர்க்கக்கூடியதும்கூட.

'15ஆம் தேதி 00:45' என்றால் 14ஆம் தேதி ராத்திரி 12.45. இதைப் பகல் 12.45 என்று நினைத்து 15ஆம் தேதி காலையில் பெட்டி கட்டினால், அதற்குள் விமானம் பாதி தூரம் போயிருக்கும். 14ஆம் தேதி இரவு 9.45 மணிக்கு விமான நிலையத்தில் இருக்க வேண்டும். கிருஷ்ணகிரியிலிருந்து ஏறக்குறைய 125 கி.மீ. தூரம்தான். ஆனால் அத்திப்பள்ளி, சில்க் போர்டு, ஹெப்பாள் மூன்றிலும் மாலை நெரிசல் பிடித்துக்கொள்ளும். மாலை 5 மணிக்கே கிளம்பிவிடுவது நல்லது. தருமபுரிக்காரர்கள் 4 மணிக்கு.

அடுத்தது பயண நேரம். டிக்கெட்டில் புறப்படும் நேரம் புறப்படும் ஊர்க் கடிகாரப்படி, சேரும் நேரம் சேரும் ஊர்க் கடிகாரப்படி இருக்கும். இரண்டையும் அப்படியே கழித்தால் கணக்கு தப்பிவிடும். 2021 ஜனவரியில் ஏர் இந்தியாவின் முதல் சான் பிரான்சிஸ்கோ - பெங்களூரு நேரடி விமானம் 9ஆம் தேதி இரவு எட்டரை மணியளவில் கிளம்பி, 11ஆம் தேதி அதிகாலை மூன்று மணிக்குப் பிறகு இறங்கியது. பார்த்தால் முப்பது மணி நேரத்துக்கு மேல். நமக்கும் அவர்களுக்கும் உள்ள பதின்மூன்றரை மணி வித்தியாசத்தைக் கழித்தால் சுமார் 17 மணி நேரம். மார்ச் முதல் நவம்பர் தொடக்கம் வரை அங்கே கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளி வைப்பதால், அப்போது பன்னிரண்டரைதான் கழிக்க வேண்டும். அழைத்துவரப் போகிறவர்கள் ஏமாறுவது பெரும்பாலும் இந்த ஒரு மணியில்தான்.

தூரத்தை வேகத்தால் வகுத்தாலும் சரியாக வராது. இந்த இரு நகரங்களுக்கு இடையே வான்வழி தூரம் சுமார் 14,000 கி.மீ. மணிக்கு 900 கி.மீ. என்று வகுத்தால் பதினைந்தரை மணி. ஆனால் ஓடுபாதை வரை ஊர்ந்து போவதும், மெல்ல ஏறி இறங்குவதும் அட்டவணை நேரத்தில் சேரும். உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே வீசும் பலத்த காற்று, திசையைப் பொறுத்து நேரத்தைக் கூட்டும், குறைக்கும். லண்டனுக்குப் போவதை விட அங்கிருந்து திரும்புவது விரைவாக முடிவது இதனால்தான். வான்வெளி மூடப்பட்டால் சுற்றிப் போக வேண்டும். 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் தன் வான்வெளியை நம் விமானங்களுக்கு மூடியபோது, வட இந்தியாவிலிருந்து மேற்கே செல்லும் பயணங்கள் நீண்டன.

வரைபடத்தில் ஸ்கேல் வைத்து அளப்பதும் பயன்படாது. உலக உருண்டையில் சான் பிரான்சிஸ்கோவையும் பெங்களூருவையும் நூலால் இழுத்துக் கட்டிப் பாருங்கள். நூல் வட துருவப் பகுதி வழியாகப் போகும். அந்த முதல் விமானமும் துருவம் வழியாகத்தான் வந்தது.

நம் ஊர் டிராவல்ஸ்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். பிரிண்ட் எடுத்துத் தரும் டிக்கெட்டின் மேலேயே பேனாவால் மூன்று வரி எழுதுங்கள்: வீட்டிலிருந்து கிளம்ப வேண்டிய தேதி, கிழமை, நேரம்; மொத்தப் பயண நேரம்; இறங்கும்போது இந்திய நேரம் என்ன என்பது. முதல் வரியில் கிழமையை மட்டும் விட்டுவிடாதீர்கள். தேதியில் குழம்புகிறவர்கள்கூட 'வெள்ளி ராத்திரி' என்றால் குழம்ப மாட்டார்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
காவேரிப்பட்டணம், கிருஷ்ணகிரி மாவட்டம்.