தம்பிக்கு, வட்டக்கச்சியிலிருந்து அம்மா

அன்பு மகனுக்கு,

நாங்கள் சுகம். காலபோக வெட்டு முடிஞ்சுது, நெல்லும் காய்ஞ்சிட்டுது. நீ போன் எடுக்காதபடியால் எழுதுறன்.

நான் எங்கடை கூட்டுறவுச் சங்கத்தின்ரை கிராமிய வங்கியிலை கணக்குத் திறந்ததை மாமா உனக்குச் சொல்லியிருப்பார். கோவிப்பாய் எண்டு தெரியும். கிளிநொச்சிப் பெரிய வங்கிப் புத்தகம் நீ முதல் சம்பளத்திலை திறந்து தந்தது. ஏசிக்குள்ளை இலக்கத் துண்டோடை இருக்கேக்கை, பக்கத்திலை இருக்கிறவையிட்டை எல்லாம் என்ரை மகன் திறந்து தந்தது எண்டு சொல்லுவன்.

ஆனால் விதைப்புக்குக் கடன் கேக்கப் போனால், அரசாங்கப் பெர்மிட் காணி, உறுதி இல்லை எண்டவுடனை அந்தப் பிள்ளை தாளைத் திருப்பி என்ரை பக்கம் தள்ளிவிட்டாள். சம்பளச் சிட்டை இருக்கோ எண்டாள். வயல் செய்யிறவளுக்கு ஆர் சிட்டை குடுக்கிறது? சங்கத்திலை அங்கத்தவர் ரெண்டு பேர் பிணை நிண்டால் காணும். ரீச்சரக்காவும் முன்வளவு அண்ணையும் கையெழுத்து வைச்சினம். நெல்லு வித்த கையோடை கட்டி முடிச்சிட்டன். அங்கை ஏசி இல்லை. புத்தகத்தை நீட்டமுதல், மகன் இந்த முறையும் வரேல்லையோ எண்டு மனேச்சர் கேக்கிறார். நான் என்னத்தைச் சொல்ல?

நீ முந்திச் சொன்னது சரிதான். பெரிய வங்கி முறிஞ்சாலும் 11 லட்சம் வரைக்கும் மத்திய வங்கியின்ரை வைப்புக் காப்புறுதி இருக்கு, கூட்டுறவுச் சங்கம் அதுக்குள்ளை வராது. எங்களிட்டை 11 லட்சம் எங்கை கிடக்கு, அது வேறை கதை. அம்மம்மான்ரை தாலிக்கொடியை நினைச்சு, சங்கத்திலை போடுறதும் போயிடுமோ எண்டு நீ பயப்பிடுறாய் எண்டும் விளங்குது. அதாலைதான் நெல்லுக் காசை மட்டும் சங்கத்திலை போட்டனான்.

நேரத்துக்குச் சாப்பிடு. ஆருக்கும் பிணைக் கையெழுத்து வைக்காதை. எனக்கு வைச்சவை ஊர்ச் சனம், கொழும்பிலை அப்பிடி இல்லை.

தையிலை ரெண்டு மடங்காக் காசு அனுப்பினாய். பிறகு ஒண்டும் இல்லை. நான் காசு கேக்கேல்லை. போன கிழமை ஆரோ ஒருத்தர் எடுத்து நீ எங்கை நிக்கிறாய் எண்டு கேட்டார். பிழையான நம்பர் எண்டு சொல்லி வைச்சிட்டன்.

2018இலை வறட்சி மாவட்டப் பெண்டுகளின்ரை ஒரு லட்சம் வரையான நுண்கடனை அரசாங்கம் தள்ளுபடி செய்யமுதல் இஞ்சை நடந்தது உனக்கு ஞாபகம் இருக்கும். கிழமைக்கடன்காரன்ரை மோட்டச்சைக்கிள் சத்தம் கேட்டால் பின்வளவுப் பிள்ளை போனை அரிசிப் பானைக்குள்ளை போட்டு மூடிப்போட்டு எங்கடை கிணத்தடியிலை வந்து குந்தியிருப்பாள். அப்ப நீ அவளுக்குத் தேத்தண்ணி கொண்டுபோய்க் குடுத்தனி. அதுக்குப் பிறகு ஆர் போன் எடுக்காட்டிலும் எனக்கு நெஞ்சு இடிக்கும்.

ஆருக்கும் பிணை நிக்காதை எண்டு திரும்பவும் சொல்லுறன். நிண்டிட்டாய் எண்டால் அதையும் சொல்லு.

நீ அனுப்பினதிலை மூண்டு லட்சத்துச் சொச்சம் கிளிநொச்சிப் புத்தகத்திலை அப்பிடியே கிடக்கு, நான் தொடேல்லை. உன்ரை காசு. ஏன் எண்டு கேக்கமாட்டன். ஞாயிற்றுக்கிழமை மாமா வீட்டை நிப்பன், அவற்றை நம்பருக்கு எடு. திங்கள் காலமை முதல் பஸ்ஸிலை போய் எடுத்துப் போட்டுவிடுவன்.

அம்மா