சிலுவை மரணத்தின் கிழமையும் தேதியும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இயேசு சிலுவையில் அறையப்பட்டது வெள்ளிக்கிழமை அல்ல, புதன்கிழமையே என்று வாதிடும் கட்டுரை ஒன்றை அண்மையில் தங்கள் நாளிதழில் படித்தேன். மனுஷகுமாரன் இரவும் பகலும் மூன்று நாள் பூமியின் இருதயத்தில் இருப்பார் என்னும் மத்தேயு 12:40-ஐ முழுமையான 72 மணி நேரமாகக் கொண்டு, புதன் மாலை முதல் சனி மாலை வரை எண்ணிக் கட்டுரையாளர் அம்முடிவுக்கு வந்திருக்கிறார். வசனத்தை நீர்த்துப்போகச் செய்யக் கூடாது என்ற அவருடைய அக்கறையை நான் மதிக்கிறேன். ஆனால் அந்த வசனத்தை முதலில் கேட்டவர்கள் நாட்களை எண்ணிய முறையை அவர் கருத்தில் கொள்ளவில்லை.

யூதர்களுக்கு நாள் என்பது சூரிய அஸ்தமனத்தில் தொடங்கியது. ஒரு நாளின் சிறு பகுதியும் ஒரு நாளாகவே எண்ணப்பட்டது. எஸ்தர் தன் மக்களை மூன்று நாள் இரவும் பகலும் உபவாசிக்கச் சொல்லிவிட்டு, மூன்றாம் நாளிலேயே அரசன் முன் போய் நிற்கிறாள். மத்தேயு 27-ஆம் அதிகாரத்தில், 'மூன்று நாளைக்குப்பின்' எழுந்திருப்பதாக இயேசு சொன்னதை ரோம ஆளுநர் பிலாத்துவுக்கு நினைவூட்டும் பிரதான ஆசாரியர்கள், அதே மூச்சில் 'மூன்றாம் நாள்வரை' கல்லறைக்குக் காவல் கேட்கிறார்கள். இரண்டும் அவர்களுக்கு ஒரே கால அளவுதான்.

கட்டுரையாளர் பெரிதும் நம்பியிருப்பது யோவான் 19:31-ஐ. அங்கே சொல்லப்படும் 'பெரிய ஓய்வுநாள்' வாராந்தரச் சனிக்கிழமை அல்ல, பண்டிகை ஓய்வுநாள் என்கிறார். பண்டிகை நாள் எந்தக் கிழமையிலும் வரக்கூடும் என்பது உண்மையே. எனினும் லூக்கா 23:54 முதல் 24:1 வரை தொடர்ந்து வாசித்தால், அடக்கம் நடந்த ஆயத்த நாள் (ஓய்வுநாளுக்கு முந்தைய நாள்), பெண்கள் ஓய்ந்திருந்த ஓய்வுநாள், வாரத்தின் முதல் நாள் என்று மூன்றும் இடைவெளியின்றி அடுத்தடுத்து வருகின்றன. அந்த ஞாயிறன்றே எம்மாவு ஊருக்குப் போன சீடர்கள், இவை நடந்து 'இன்று மூன்றாம் நாள்' என்கிறார்கள். புதனிலிருந்து அவர்கள் வழக்கப்படி எண்ணினால் ஞாயிறு ஐந்தாம் நாளாகிவிடும்.

உண்மையில் விடை காணக் கடினமான கேள்வி கிழமையைப் பற்றியது அல்ல, தேதியைப் பற்றியது. மாற்கு 14:12-இன்படி சீடர்கள், எகிப்திலிருந்து விடுதலையானதை நினைவுகூரும் பண்டிகையான பஸ்காவின் ஆட்டுக்குட்டி பலியிடப்படும் நாளில் ஏற்பாடு செய்த பந்தியே கடைசி இராப்போஜனம். ஆட்டுக்குட்டி யூத நாட்காட்டியின் நிசான் மாதம் 14-இல் பலியிடப்பட்டு, சூரிய அஸ்தமனத்தில் 15 தொடங்கிய பின் உண்ணப்பட்டது. ஆகவே மாற்குவின்படி சிலுவை மரணம் நிசான் 15-இல் நிகழ்ந்தது. யோவான் 18:28-இலோ, பஸ்காவைப் புசிக்க வேண்டியிருந்ததால் தீட்டுப்படாதபடி யூதர்கள் தேசாதிபதியின் அரண்மனைக்குள் நுழையவில்லை. அப்படியானால் மரணம் நிசான் 14-இல், ஆடுகள் பலியிடப்பட்ட அதே நாளில் நிகழ்ந்திருக்க வேண்டும். சாக்கடல் அருகே வாழ்ந்த யூதப் பிரிவினரான கும்ரான் சமூகத்தார் பின்பற்றிய 364 நாள் நாட்காட்டியின்படி இயேசு முன்கூட்டியே பஸ்கா ஆசரித்தார் என்று சிலர் இதற்கு விளக்கம் தருகிறார்கள். அவர் அந்த நாட்காட்டியைப் பின்பற்றினார் என்பதற்குச் சுவிசேஷங்களில் ஒரு குறிப்பும் இல்லாததால் என்னால் அதை ஏற்க இயலவில்லை. இயேசுவைத் தேவ ஆட்டுக்குட்டி என்று முதல் அதிகாரத்திலேயே அறிவித்து, அவருடைய எலும்புகள் முறிக்கப்படாததைப் பஸ்கா ஆட்டின் எலும்பை முறிக்கக் கூடாது என்ற விதியோடு இணைத்துக் காட்டும் யோவானுக்கு அந்த நாள் எவ்வளவு பொருள் நிறைந்தது என்பதை உணர்ந்து, இரு சாட்சியங்களையும் அவற்றின் வேறுபாட்டோடு வாசிப்பதே நேர்மையானது என்பது என் கருத்து.

ஆண்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. பிலாத்து யூதேயாவை ஆண்டது கி.பி. 26 முதல் 36 வரை. அக்காலத்தில் நிசான் 14 வெள்ளிக்கிழமையில் வந்திருக்கக்கூடிய நாட்களாக கி.பி. 30 ஏப்ரல் 7, கி.பி. 33 ஏப்ரல் 3 ஆகிய இரண்டையும் ஆய்வாளர்கள் முன்வைக்கிறார்கள். பிறை காணப்பட்ட நாளைப் பொறுத்தே அன்று மாதம் தொடங்கியதால், வானியல் கணக்கு மட்டும் இதைத் தீர்த்துவிடாது. கட்டுரையில் ஒரே ஓர் ஆண்டு முடிந்த முடிவாகத் தரப்பட்டுள்ளது. அதைத் திருத்தி, இரண்டு ஆண்டுகளையும் குறிப்பிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்