நாலு நாளும் நாலு மணி நேரமும்

அன்புள்ள செல்வி,

உன் மெயில் வந்து மூன்று வாரம் ஆகிறது. திட்டு, வாங்கிக்கொள்கிறேன். இங்கே எல்லோரும் நலம். வார்டன் விஷயம் நேரில்.

கீமோ (புற்றுநோய்) மருந்து கொடுப்பதில் வரும் தப்புகளைத் தடுக்க நர்ஸ்களுக்கு நீ எடுக்கும் வகுப்புக்குத் தயாரித்த 74 ஸ்லைடையும் பார்த்தேன். மூன்று கலரில் கோடு போடும் வியாதி இன்னும் தீரவில்லை போல. சரியான நோயாளி, சரியான மருந்து, சரியான அளவு என்று ஆரம்பிக்கிறாய். நம் சிஸ்டர்களைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் இதைச் சொல்வார்கள். தெரிந்தவர்கள் கையில்தான் தப்பும் நடக்கிறது. பாதி ஸ்லைடைத் தூக்கிப்போட்டுவிட்டு ஆளுக்கொரு மருந்துப் பை லேபிளைக் கையில் கொடு.

2006-இல் கனடாவின் எட்மன்டனில் நடந்தது உனக்கு நினைவிருக்கும். 5,250 மி.கி. ஃப்ளூரோயூராசில் என்ற கீமோ மருந்து, 96 மணி நேரம் மெதுவாக ஏற வேண்டியது. மருந்து ஏற்றும் பம்பில் வைக்க வேண்டிய வேகம் மணிக்கு 1.2 மி.லி. வைத்தது 28.8. ஒரு நாளுக்கான அளவு அது. 24-ஆல் வகுக்க விட்டுப்போயிற்று. லேபிளிலும் 28.8 இருந்தது, பக்கத்திலேயே 1.2-உம் இருந்தது. கணக்குப் போட்டவர் தன் விடையை லேபிளில் தேடினார், கிடைத்தது, திருப்தி. சரிபார்க்க வந்த இரண்டாவது நர்ஸும் அதே இடத்தில் வகுக்க மறந்தார். நாலு நாள் மருந்து நாலு மணி நேரத்தில் உள்ளே போயிற்று. மூன்று வாரத்தில் அந்த நோயாளிப் பெண் இறந்துபோனார். இப்போது யூரிடின் ட்ரைஅசிடேட் என்ற மாற்று மருந்து இருக்கிறது, 96 மணி நேரத்துக்குள் ஆரம்பிக்க வேண்டும். அன்றைக்கு அதுவும் இல்லை.

இரண்டு பேர் பார்த்தும் இப்படி. நம் வார்டுகளில் 'டபுள் செக்' எப்படி நடக்கிறது? "சிஸ்டர், 28.8 போட்டிருக்கேன், சரிதானே?" "ம்." கையெழுத்து. விடையைக் காதில் ஓதிவிட்டுச் சரியா என்று கேட்டால் யார் இல்லை என்பார்கள், அதுவும் கேட்பது இன்சார்ஜாக இருந்தால்? இரண்டாவது ஆள் முதல் ஆளின் தாளைப் பார்க்கவே கூடாது. டாக்டரின் ஆர்டரிலிருந்து தொடங்கி உயரம், எடை, உடல் பரப்பு, டோஸ், மொத்த மி.லி., எத்தனை மணி நேரம் என்று தானே போட்டுவிட்டு, கடைசியில்தான் இரண்டு விடையையும் பக்கத்தில் வைக்க வேண்டும். பம்பை ஓட விடும் முன் இன்னொரு கேள்வி: இந்த வேகத்தில் பை எப்போது காலியாகும்? எட்மன்டன் பையில் இருந்த 115.2 மி.லி.யை 28.8-ஆல் வகுத்தால் நாலு. நாலு என்ன? நாளா, மணியா? வகுப்பில் அந்த இடத்தில் கொஞ்சம் வாயை மூடிக்கொண்டு நில். (உனக்குக் கஷ்டம்தான்.)

வின்கிரிஸ்டின் என்ற இன்னொரு கீமோ மருந்துக்கு மட்டும் வகுப்பை நம்பாதே. அது ரத்தக்குழாயில் (வெயினில்) மட்டுமே போக வேண்டியது. முதுகுத்தண்டில் போனால் பெரும்பாலும் உயிர் தப்பாது. 2001-இல் நாட்டிங்காமில் 18 வயதுப் பையனுக்கு முதுகில் போட வேண்டிய சைட்டரபினும் இதுவும் ஒன்றாக வார்டுக்கு வந்தன, இரண்டும் சிரிஞ்சில். எவ்வளவு படித்தவர் கையும் அங்கே மாறும். மாறியது, இதுவும் முதுகில் போயிற்று. அதனால் பார்மசியிலேயே 50 மி.லி. பையில் கலந்து அனுப்பச் சொல். பையை யாரும் முதுகு ஊசியில் மாட்டப் போவதில்லை. உலக சுகாதார நிறுவனம் 2007-லேயே சொல்லிவிட்டது. உங்கள் பார்மசி முனகினால் சண்டை போடு. உனக்கு அது கை வந்த கலை.

டிஸ்சார்ஜில் வாரம் ஒரு முறை மட்டும் போடும் மெதோட்ரெக்ஸேட் மாத்திரை எழுதினால், வாரத்தில் எந்தக் கிழமை என்று அட்டையில் தமிழில் எழுதிக் கொடுக்க வேண்டும். "தினமும் இல்லை" என்பதை நோயாளியின் வீட்டார் வாயாலேயே திருப்பிச் சொல்ல வைக்கட்டும்.

கால்குலேட்டரை மருந்து வண்டியில் கயிறு கட்டித் தொங்கவிடு. எட்மன்டனில் அந்த இரண்டாவது நர்ஸ் கைக்குக் கால்குலேட்டர் எட்டாமல் மனக்கணக்குப் போட்டவர். லேபிளை நான் வரைந்து அனுப்புகிறேன், ஒரே கலரில்.

உன்,
வசந்தி