அந்த 60-க்கு என்ன அர்த்தம்? தேர்வுக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பெண் அட்டவணை போட்டு முடிவெடுக்கும் தேர்வுக் குழு உறுப்பினர்களுக்கு,

வணக்கம். கருவி வாங்கினாலும் ஒப்பந்தம் கொடுத்தாலும் உங்கள் கோப்பில் ஒரே மாதிரி அட்டவணைதான். தரத்துக்கு 60, செலவுக்கு 40 என்று வெயிட்டேஜ். பெருக்கிக் கூட்டி, அதிகம் வாங்கியவருக்கு முதலிடம். அட்டவணையே வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. வாய்ப்பேச்சில் முடிவெடுப்பதைவிட அது எவ்வளவோ மேல். அந்த 60 எங்கிருந்து வந்தது என்பதுதான் என் கேள்வி.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்கள். இரண்டு விண்ணப்பங்கள். 'அ'வுக்குச் செலவு 100, தரம் 60. 'ஆ'வுக்குச் செலவு 110, தரம் 70. வழக்கம்போல ஒவ்வொரு அளவுகோலிலும் வந்தவற்றில் சிறந்ததற்கு 1, மோசமானதற்கு 0, இடைப்பட்டதற்கு விகிதப்படி. செலவில் 'அ'வுக்கு 1, தரத்தில் 'ஆ'வுக்கு 1. 60-ஐ 0.6 என்றும் 40-ஐ 0.4 என்றும் வைத்துப் பெருக்கிக் கூட்டினால் 'ஆ' 0.6, 'அ' 0.4. சரி, 'ஆ' ஜெயித்தது. இப்போது 'இ' என்று ஒன்று வருகிறது: செலவு 105, தரம் வெறும் 20. 'அ'வைவிட விலையும் கூட, தரமும் மட்டம். யாருமே எடுக்க மாட்டார்கள். ஆனால் அது வந்ததும் தரத்தின் வீச்சு 20 முதல் 70 வரை நீண்டுவிடுகிறது. 'அ'வின் தரம் 0-இலிருந்து 0.8-க்குத் தாவுகிறது, மொத்தம் 0.88. 'ஆ' அதே 0.6. முதலிடம் மாறிவிட்டது!

யாரும் பொய் சொல்லவில்லை, வெயிட்டேஜையும் தொடவில்லை. தோற்கப் போகிற ஒரு விண்ணப்பம் உள்ளே வந்தது, அவ்வளவுதான். இதை உணர்ந்த ஒருவர் வேண்டுமென்றே அப்படி ஒன்றை உள்ளே விட்டால் உங்களால் கண்டுபிடிக்க முடியுமா? எனக்கு உண்மையிலேயே பயமாக இருக்கிறது.

கணிதவியலாளர் தாமஸ் சாட்டி 1970-களில் உருவாக்கிய, அளவுகோல்களை இரண்டிரண்டாக 1 முதல் 9 வரை ஒப்பிடும் முறையிலும் இப்படித் தரவரிசை புரளலாம் என்று 1983-இலேயே பெல்டன், கியர் என்ற இரு ஆய்வாளர்கள் காட்டினார்கள். பெரிய முறையைப் பிடித்துக்கொண்டால் தப்பித்துவிடலாம் என்று நினைக்க வேண்டாம்.

நான் கேட்பது இதுதான். விண்ணப்பங்களைத் திறப்பதற்கு முன்பே வீச்சை நிர்ணயித்துவிடுங்கள்: ஏற்கக்கூடிய குறைந்தபட்சத் தரம் எது, அதிகபட்சச் செலவு எது என்று. அப்புறம் வெயிட்டேஜ். 'தரம் எவ்வளவு முக்கியம்?' என்று கேட்டால் எல்லாரும் 'ரொம்ப முக்கியம்' என்றுதான் சொல்வார்கள். 'தரம் 60-இலிருந்து 70-க்கு உயர எவ்வளவு கூடுதல் செலவைத் தாங்குவீர்கள்?' என்று கேளுங்கள். அதற்குத்தான் பதில் சொல்ல முடியும், அதைத்தான் வாதிடவும் முடியும்.

பாதுகாப்பு போன்றவற்றைக் கூட்டலில் சேர்க்காதீர்கள். அதில் தவறியது எவ்வளவு மலிவாக இருந்தாலும் வெளியே போகட்டும். பிரெஞ்சுக்காரர் பெர்னார் ராய் 1960-களில் தொடங்கிவைத்த, விண்ணப்பங்களை இரண்டிரண்டாக ஒப்பிடும் எலெக்ட்ர் முறைகளில் இதையொத்த தடை உரிமை உண்டு: ஒரு அளவுகோலில் ரொம்பவே பின்தங்கியதை, மற்றவற்றில் எவ்வளவு நன்றாக இருந்தாலும், இன்னொன்றைவிட மேல் என்று சொல்ல முடியாது.

முடிவை வெளியிடும்போது கூடவே ஒரு வரி வேண்டும்: வெயிட்டேஜ் எவ்வளவு நகர்ந்தால் முதலிடம் மாறும்? மேலே சொன்ன கணக்கில் இருவர் மட்டும் இருந்தபோது தரத்துக்கு 50-ஐத் தாண்டினாலே 'ஆ' ஜெயித்தது. 'இ' வந்த பிறகு 83-ஐயும் தாண்ட வேண்டும். அடுத்த கோப்பிலிருந்தாவது இந்த வரியை எழுதி வையுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அட்டவணைகளை வரி வரியாகப் படிக்கும் ஒருவர்