ஸிப்பிள் ஓட்டாத ராத்திரி

அன்புள்ள முரளி,

எட்டு மாதமாகக் கடிதம் இல்லை. திட்டவேண்டியதைத் திட்டிவிட்டு மேலே படி. வீட்டில் எல்லோரும் சுகம், அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

போன சனிக்கிழமை இரவு நம் பழைய மெயின்ஃபிரேம் லினக்ஸை ரீபூட் செய்தோம். 417 நாள் நிற்காமல் ஓடியது. மெயின்ஃபிரேமைக் கிளப்புவதை ஐபிஎல் என்போமே, அதுதான், கிரிக்கெட் இல்லை. 201 எண் டிஸ்க்கிலிருந்து கிளப்பினேன். லினக்ஸின் மையமான கர்னல் ஏறியது, வரிகள் ஓடின, அப்புறம் சிஸ்டம் இருக்கும் ரூட் வால்யூமைக் காணோம் என்று, கட்டளை மட்டும் அடிக்க முடிகிற டிராகட் அவசர ஷெல்லில் போய் உட்கார்ந்துகொண்டது. மணி 2:10.

ஒரே மெயின்ஃபிரேமைப் பல மெஷின்களாகக் காட்டும் அந்த இசட்/விஎம்மின் கன்சோலில் விஐ எடிட்டர் உருப்படியாக ஓடாது என்பதை மறந்து அதைத் திறந்தேன். சிரிக்காதே. 00சி என்ற மெய்நிகர் கார்டு ரீடரிலிருந்து மீட்பு கர்னலை ஏற்றலாமா என்றுகூட யோசித்தேன். இல்லாத கார்டுகளை இல்லாத ரீடரில் அடுக்கும் வேலை உனக்குத்தான் பிடிக்கும்!

பார்த்தால் 203 டாஸ்டி, அதாவது அந்த எண்ணுள்ள மெயின்ஃபிரேம் டிஸ்க், வரவே இல்லை. நாலு மாதம் முன்பு இடம் போதாமல் ரூட் இருக்கும் வால்யூம் குரூப்பில், பல டிஸ்க்குகளை ஒன்றாக்கும் அந்தத் தொகுப்பில், சேர்த்த டிஸ்க் அது. ஓடிக்கொண்டிருக்கும்போது ஒரு குறையும் தெரியவில்லை. மற்ற மெஷின்களில் லினக்ஸைக் கிளப்பும் கிரப் என்றால் கிளம்பும்போது கான்ஃபிக்கைப் படித்துக்கொள்ளும். இங்கே அந்த வேலைக்கு இருக்கும் ஸிப்பிளுக்கு அந்தப் பழக்கமே கிடையாது. கர்னலும், கிளம்பும்போது ரூட்டைத் தேடித்தரும் இனிட்ராம்எஃப்எஸ்ஸும் டிஸ்க்கில் எந்தெந்த பிளாக்கில் இருக்கின்றன, எந்த டிஸ்க்குகள் வேண்டும் என்று கர்னலுக்குச் சொல்லும் பராமீட்டர் வரி என்ன என்பதையெல்லாம், நாம் ஓட்டுகிற அந்த நிமிஷத்தில் பூட்மேப் ஃபைலில் எழுதி வைத்துக்கொள்கிறது. ஸிப்பிள் கான்ஃபிக் ஃபைலில் 203-ஐச் சேர்த்தாயிற்று, இனிட்ராம்எஃப்எஸ்ஸைக் கட்டும் டிராகட்டும் ஓட்டியாயிற்று. ஸிப்பிள் ஓட்டவில்லை. அதனால் 203-ஐச் சேர்ப்பதற்கு முந்தைய பழைய பராமீட்டரோடுதான் கிளம்பியது.

டிஸ்க் சேர்த்த வேலைக்கான டிக்கெட் புதிதாக வந்த பெண்ணின் பெயரில் இருந்தது. கான்ஃபரன்ஸ் அழைப்பில் பன்னிரண்டு பேர். "டிஸ்க் சேர்த்தால் ஸிப்பிள் ஓட்டணும்னுகூடத் தெரியாதா?" என்று கேட்டுவிட்டேன். அவள் ஒன்றும் பேசவில்லை.

203-ஐ, கர்னல் கண்டுகொள்ளாத சாதனங்களின் இக்னோர் பட்டியலிலிருந்து விடுவித்து, கையால் ஆன்லைன் செய்து, வால்யூம் குரூப்பை எழுப்பி, ஷெல்லை விட்டு வெளியே வந்தேன். 3:05-க்கு லாகின் வந்தது. முதல் வேலையாக ஸிப்பிள் ஓட்டினேன். அப்புறம்தான் யார் எந்தக் கட்டளை ஓட்டினார்கள் என்று காட்டும் சூடோ பதிவைப் பார்த்தேன். கான்ஃபிக்கைத் திருத்தியது நான். டிராகட் ஓட்டியது நான். அதற்கடுத்து இடம் கூடிவிட்டதா என்று ஒரு டிஎஃப் கட்டளை, அவ்வளவுதான். அவள் டிஸ்க் வேண்டும் என்று கேட்டு டிக்கெட் போட்டதோடு சரி.

தப்பு என்னுடையது என்று திங்கட்கிழமை அவளிடம் சொன்னேன். "பரவாயில்லை சார். அன்னைக்கே ஸிப்பிள் பத்திக் கேட்டேன், அப்புறம் பார்க்கலாம்னு சொன்னீங்க" என்றாள். குரலில் கோபம்கூட இல்லை முரளி. அதுதான் தாங்கவில்லை. ராமு சார் உன்னை எல்லோர் முன்னாலும் இப்படிக் கேட்ட அந்த ராத்திரிதான் ஞாபகம் வந்தது. அதற்கப்புறம் நீ அவரிடம் பேசவே இல்லையே.

தனியாகச் சொன்னது போதாது. வியாழக்கிழமை மீட்டிங்கில் அதே பன்னிரண்டு பேரும் இருப்பார்கள், அங்கே சொல்லப்போகிறேன். அதற்கு முன்னால் ஒரு போன் பண்ணு, எனக்குக் கொஞ்சம் உதறலாகத்தான் இருக்கிறது. பூட்மேப் ஃபைலின் தேதியை இனிட்ராம்எஃப்எஸ்ஸின் தேதியோடு ஒப்பிட்டுக் கத்துமே, உன் பழைய ஸ்கிரிப்ட், அது இருந்தால் அனுப்பு. "இதெல்லாம் எதுக்குடா" என்று அன்றைக்குக் கேட்டவனும் நான்தான்.

அன்புடன்,
சேது